பேபி பியா, பேப்பர் பியா?

என் கடைக்கு வருகிறவர்கள் ரகசியத்தை உரக்கச் சொல்வார்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஆன்லைன் விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. பென்ஷன் வேலையாக வருகிற பெரியவர், "ஓடிபி வந்துட்ச்சிப்பா, எழுதிக்கோ" என்று ஆறு இலக்கத்தையும் எதிர்ச் சாரி டீக்கடைக்கும் சேர்த்தே படிப்பார். ஏடிஎம் பின் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து நீட்டிய அம்மாள் உண்டு. "இப்படியெல்லாம் காட்டாதீங்கம்மா" என்றால், "உங்கிட்ட இன்னாப்பா, நீ நம்ம புள்ள" என்பார். ஊரில் பாதிப் பேரின் பாஸ்வேர்டு என் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றையும் நான் தவறாகப் பயன்படுத்தியதில்லை. ஆனால் இந்த ஜனங்கள் எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே நான் ஒருவரையும் நம்பாதவனாக ஆகிவிட்டேன்.

கடையில் பெரும்பாதி வேலை எழுத்துப் பிழை திருத்துவதுதான். ஒரே ஆளின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். தமிழில் எழுதிக் கொடுத்ததை யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வருகிற கோளாறு அது. நமக்கு 'ப' ஒன்றுதான், ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து. 'க' ஒன்றுதான், அங்கே அதற்கும் இரண்டு. அதனால் வருகிறவரிடம் நான் கேட்பேன்: "உங்க பேருக்கு பேபிக்கு வர்ற பியா, பேப்பருக்கு வர்ற பியா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எது சீக்கிரம் ஆகுமோ அதப் போடுப்பா" என்பார். நாளைக்கு நாலு தடவை இந்தக் கேள்வியைக் கேட்கிறவன் நான். பின்னால் நான் செய்த மடத்தனத்துக்கு 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்கிற சாக்கு எனக்குக் கிடையாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஒரு சீட்டுக் கம்பெனியில் போட்டது முழுகிப்போனது. அந்தக் கோபத்தில்தான் கிரிப்டோ பக்கம் போனேன். மாதாமாதம் கையில் மிஞ்சுவதைப் போனிலேயே ஒரு எக்ஸ்சேஞ்ச் வழியாக பிட்காயினாக மாற்றி வைப்பேன். எக்ஸ்சேஞ்ச் என்றால் நமக்காக வாங்கி, நமக்காகவே வைத்திருக்கிற கம்பெனி. நகையை அடகுக்கடை பீரோவில் வைத்துவிட்டு ரசீதைத் தடவிப் பார்த்துக்கொள்கிற மாதிரி. பொருள் நம்முடையது, சாவி அவனுடையது. ஒரு நாள் அதில் 'பராமரிப்புப் பணி நடக்கிறது, பணம் எடுக்க இயலாது' என்று ஒரு வரி வந்தது. பதினோரு நாள் அந்த வரி அப்படியே இருந்தது. அந்தப் பதினோரு நாளும் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்ததும் முதல் வேலையாக ஒரு ஹார்டுவேர் வாலட்டுக்கு ஆர்டர் போட்டேன். இனி என் சொத்துக்கு நானே காவல் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மனைவி பள்ளிப்பட்டுக்காரி. வீட்டில் தெலுங்கு, பத்தாவது வரை படித்ததும் தெலுங்கு மீடியம், பிழைப்புக்குத் தையல். எங்கள் இரண்டு குடும்பமும் மிஷன் காலத்தில் சபைக்கு வந்தவை. எங்கள் வீட்டில் தமிழ் பைபிள், அவள் வீட்டில் தெலுங்கு பைபிள், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளை இல்லை. வாலட் ஒரு சனிக்கிழமை தபாலில் வந்தது. மறுநாள் சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் பிரித்தோம். பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருந்தது. சின்னதாக ஒரு திரை, மேலே இரண்டு பொத்தான்.

"காசு இதுக்குள்ளதான் இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"இல்ல. காசு நெட்டுல இருக்குது. இது வெறும் சாவி."

"சாவி தொலைஞ்சா?"

"அதுக்குத்தான் இருவத்திநாலு இங்கிலீஷ் வார்த்தை குடுக்கும். அது நம்மகிட்ட இருந்தா வேற சாவி செஞ்சிக்கலாம்."

"வேற எவனாவது அந்த வார்த்தையப் பாத்துட்டா?"

"அவனும் செஞ்சிப்பான்."

அவள் சிரித்தாள். "அப்ப சாவியவிட வார்த்தைதான் பெருசு."

இதைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

திரையில் எழுத்து எறும்பு சைஸில் இருந்தது, என் கண்ணாடிக்கு எட்டவில்லை. அவள் படிக்க, நான் எழுதுவது என்று ஏற்பாடு. வெளியே கேட்டுவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்தேன். டிவி சத்தத்தில் எனக்கே கேட்காததால் அவள் கத்திப் படிக்க வேண்டியதாயிற்று. நான் அவ்வளவையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். எங்கோ உட்கார்ந்து திருடுகிறவனுக்குத் தமிழ் படிக்க வராது, கேமராவில் மாட்டினாலும் கம்ப்யூட்டருக்குப் புரியாது என்பது என் கணக்கு. நான் பெரிய புத்திசாலி என்று எனக்குள் ஒரு நினைப்பு எப்போதும் உண்டு.

பாதியில் அவள் நிறுத்தினாள். "ஏவண்டி, உங்க தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே 'ப' தானே, நாளைக்குக் குழம்பிடாதா? நான் வேணா தெலுங்குல ஒண்ணு எழுதி வெக்கட்டா? அதுல தனித்தனியா இருக்குது."

"ரெண்டு காப்பி இருந்தா ரெண்டு திருடனுக்கு வழி" என்றேன். "எனக்குப் புரியும். நீ படி."

அவள் மீதியையும் படித்து முடித்தாள். நான் குளித்துவிட்டு, அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்து கொண்டுவந்து பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் வைத்தேன். வாலட்டைத் திறக்கிற பின் நம்பராகக் கல்யாணத் தேதியைப் போட்டேன். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வாலட்டைச் சொருகிப் பார்த்தேன். செயலியில் இருப்பு பூஜ்யம் என்று காட்டியது. மறுபடி பிடுங்கிச் சொருகினேன். பூஜ்யம். அவள் உள்ளே ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி அதற்கு முந்தின வாரம்தான் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருந்தான். நான் போய் நின்று கேட்டேன்: "அந்த வார்த்தைங்கள உன் தம்பிகிட்டச் சொன்னியா?"

"நான் சொல்லலீங்க" என்றாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை என்ன வார்த்தையெல்லாம் சேர்த்துக் கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் இருப்பு தானாகவே வந்துவிட்டது. அவர்கள் செயலியைப் புதுப்பித்திருக்கிறார்கள், ஒரு நாள் சர்வர் ஓடவில்லை, அவ்வளவுதான். தினம் கடையில், "சர்வர் பிஸிங்க, அப்புறம் வாங்க, எங்கயும் போயிடாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி அனுப்புகிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். அவளிடம் போய், "வந்துட்ச்சி, சர்வர் பிரச்சனை" என்றேன், ஏதோ கடைக்கு வந்த ஆளிடம் சொல்கிற மாதிரி. "ஆங்" என்றாள். மன்னிப்புக் கேட்காமலே கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். ஜனவரியில் போகலாம் என்று இருந்தேன், பிறகு குருத்தோலை ஞாயிறுக்குப் போகலாம் என்று இருந்தேன். நாள் போகப்போக, போவதற்கான தைரியம் கூடவில்லை, குறைந்தது. அவள் தையல் மெஷினை மட்டும் தம்பி ஒரு நாள் நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வண்டி வைத்து எடுத்துப் போனான். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தான்.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. கடையில் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நானும் எரிந்து விழுந்துகொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ஆளுக்குச் சில்லறை கொடுத்தபின் திங்கள் காலை வரைக்கும் நான் ஒரு மனிதரிடமும் பேசாத வாரங்கள் உண்டு. சர்ச்சில் பாடியதைச் சேர்க்கவில்லை. ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டம் ஊர் கொள்ளாது. முன்பின் தெரியாதவர்கள், "அண்ணா, இதக் கொஞ்சம் சார்ஜ்ல போடுங்க" என்று பூட்டுக்கூடப் போடாத போனை என் மேஜையில் வைத்துவிட்டு மலை ஏறப் போய்விடுவார்கள். அந்தப் போன்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் போன் அடிக்காது. அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரும் போல இருக்கும், ஆனால் அடுத்த ஆள் ஜெராக்ஸுக்கு வந்துவிடுவார்.

அவள் போன மறுவாரமே நான் செய்த காரியம் வாலட்டின் பின் நம்பரை மாற்றியதுதான். பழையது அவளுக்குத் தெரியுமே. புதிதாக ஒரு எட்டு இலக்க எண்ணை மனதுக்குள்ளேயே உண்டாக்கினேன். எழுதி வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எழுதவில்லை. வீட்டில் இருந்தது நான் ஒருவன்.

இந்த ஆண்டு கடைச் சொந்தக்காரர் கட்டடத்தை விற்கப் போவதாகச் சொன்னார். "நீ இத்தினி வருசமா இருக்கற, உன் ரூம வேணா உனக்கே எழுதித் தர்றேன், ரெண்டு மாசத்துல பணம் கட்டிடு. இல்லன்னா காலி பண்ணிக்கோ" என்றார். நியாயமான பேச்சுதான். என்னுடைய மொத்தச் சேமிப்பும் அந்த வாலட்டில்தான் இருந்தது. கடை போனால் வேறு ஊர் வேறு இடம் என்று ஓடிப் பிழைக்கிற வயதில்லை எனக்கு. பிழைப்பைக்கூட விடுங்கள், அந்தக் கடையும் இல்லையென்றால் திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிடும்.

வாலட்டைச் சொருகினேன். பின் நம்பர் கேட்டது. ஒன்றை அடித்தேன், தப்பு என்றது. வேறொன்றை அடித்தேன், தப்பு. அந்த வாலட்டைத் திறந்து பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பார்த்தாலே அவள் ஞாபகம் வருகிறது என்று தொடாமல் விட்டிருந்தேன். மூன்றாவது தடவையும் தவறினால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று தெரிந்தும் அடித்தேன். திரை வெறுமையாகி, புது வாலட் மாதிரி வணக்கம் சொன்னது. நான் பதறவில்லை. வார்த்தைகள்தான் இருக்கின்றனவே என்று பீரோவைத் திறந்தேன்.

லேமினேட் செய்த தாள் நேற்று எழுதினது மாதிரி இருந்தது. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை. இரண்டாவது வார்த்தை 'போன்'. வாலட் ஆங்கிலத்தில் கேட்கிறது. பேசுகிற போனா, உடம்பில் இருக்கிற எலும்பா? இரண்டுமே அந்த வார்த்தைப் பட்டியலில் இருக்கின்றன. ஐந்தாவது 'கோஸ்ட்'. கடற்கரையா, பேயா? 'கோட்' என்று ஒன்று. ஆடா, ரகசியக் குறியா? 'பல்ப்': எரிகிறதா, பழக்கூழா? 'டிரை': முயற்சியா, காய்ந்து போனதா? 'கிளாக்': கடிகாரமா, அடைப்பா? 'கார்ட்' என்று ஒன்று எழுதியிருந்தேன் பாருங்கள், அது சீட்டாகவும் இருக்கலாம், தள்ளுவண்டியாகவும் இருக்கலாம், காவல்காரனாகவும் இருக்கலாம். இந்த வார்த்தைகளில் சிலவற்றை மாற்றித்தான் இங்கே சொல்லியிருக்கிறேன். வாசகர் தப்பாக நினைக்க வேண்டாம், பழக்கம் விடவில்லை.

ஆயிரம் பெயரைத் திருத்திய நான் என் சொந்தத் தாளிலேயே தடுக்கி விழுந்தேன். ஒன்று மாறினாலும் எல்லாம் தப்பு என்றுதான் அது சொல்லும், எது தப்பு என்று சொல்லாது. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க நூற்றுக்கணக்கான விதம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருபத்துநான்கு வார்த்தையையும் அந்த இரண்டு பொத்தானில் அழுத்தியாக வேண்டும். ஒரு வாரம் காலை வேளைகளில் உட்கார்ந்து கட்டைவிரல் காய்த்துப் போனதுதான் மிச்சம். கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே கண்டுபிடித்துத் தரும் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைகளை நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டரில் அடிப்பது, வீட்டுச் சாவியைத் தேருக்கு வந்த கூட்டத்தில் பிடித்துக்கொள்ளக் கொடுக்கிற மாதிரி. இணையத்தில் ஒரு குழுவில் விவரம் சொல்லாமல் மேலோட்டமாகக் கேட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் ஒன்பது பேர், 'கவலை வேண்டாம், உங்கள் வார்த்தைகளை அனுப்புங்கள், எடுத்துத் தருகிறோம்' என்று தனித்தனியாக எழுதினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்கள் நிஜமாகவே பேய்கள்.

அந்த வார்த்தைகளை என்னைத் தவிர உலகத்தில் பார்த்தவள் ஒருத்திதான். அவள் ப-வை ப-வாகவும் மற்றதை மற்றதாகவும் சுத்தமாக உச்சரித்துத்தான் படித்தாள். நான்தான் எல்லாவற்றையும் ஒன்றாக ஆக்கினேன். அவளுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கலாம். போனில் கேட்கிற விஷயம் இல்லை, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. கெடுவில் பாதி நாள் போயிருந்தது. ஒரு புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு மத்தியானப் பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குப் போனேன்.

வீட்டு முன்னறையில்தான் அவள் தைக்கிறாள். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று பேசினால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அவள் தம்பிதான் முதலில் பார்த்தான். "ரண்டி பாவா, கூர்ச்சோண்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் அவனைத் திருடன் என்று சொன்னது அவனுக்குத் தெரியும். அவன் முகத்தில் அதன் சுவடே இல்லை. அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தண்ணீர் இறங்கியிருக்கும். "டீ சொல்லிட்டு வர்றேன் பாவா" என்று எங்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே போனான்.

அவள் மெஷினை நிறுத்தாமலே, "சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பின் நம்பர் மறந்தது, வாலட் அழிந்தது, தாள் குழம்பியது, கடை போகப் போவது, எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"ரெண்டு வருசமா ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு இருவத்திநாலு வார்த்தை கேட்டுகினு வந்திருக்கீங்க."

"தப்புதான்" என்றேன். "அன்னிக்கு உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." தறிச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ என்று மறுபடியும் சொன்னேன். "கேட்டுச்சுங்க" என்றாள்.

எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய அளவு நோட்டை எடுத்தாள். ஜாக்கெட் அளவெல்லாம் எழுதுகிற நீள நோட்டு. கழுத்து, கை, இடுப்பு என்று பக்கம் பக்கமாகத் தெலுங்கில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தாள். அதில் அளவு எதுவும் இல்லை, வரிசையாக இருபத்துநான்கு சொற்கள் மட்டும். கடைப் பலகைகளைப் படிக்கிற அளவுக்கு எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். தலைப்பை எழுத்துக்கூட்டினேன். "இண்ட்டி தாளம். தாளமா, பாட்டுக்குப் போடறதா?"

"பூட்டுங்க. தெலுங்குல தாளம்னா பூட்டு. வீட்டுப் பூட்டு."

"எப்ப எழுதின?"

"அன்னிக்கேதான். நீங்க லேமினேட் பண்ண எடுத்துனு போறதுக்கு முன்னாடி குளிக்கப் போனீங்களே, அப்ப உங்க தாளப் பாத்து எழுதிக்கினேன். படிச்சது காதுலயே இருந்துச்சு. இவரு ஒரு நாள் குழம்பி நிப்பாருன்னு தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வருவீங்கன்னும் தெரியுங்க. எனக்காக இல்ல, இதுக்காக" என்றாள்.

இரண்டு வருடமாக என் சேமிப்பு அத்தனைக்குமான சாவி ஜாக்கெட் அளவுகளுக்கு நடுவே இங்கே இருந்திருக்கிறது. அவள் நினைத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருக்கலாம். நான் யாரைத் திருடி என்று நினைத்துப் பின் நம்பரை மாற்றினேனோ அவளுக்கு அந்த நம்பரே தேவைப்பட்டிருக்காது.

அவள் படிக்க, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தத் தடவை டிவி இல்லை, தறி இருந்தது. இரண்டாவது வார்த்தை வந்ததும் பழக்க தோஷத்தில், "பேபி பியா, பேப்பர் பியா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேபிங்க. எலும்பு" என்றாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன். கோஸ்ட் பேய்தான், கார்ட் காவல்காரன். எல்லாம் தெளிவாயிற்று, ஒன்றைத் தவிர. "இது பீஸ்னு இருக்குது. துண்டா, சமாதானமான்னு எனக்கும் தெரியாதுங்க. ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது" என்றாள்.

"ரெண்டு தடவை போட்டாப் போச்சு" என்றேன்.

அவள் அந்தப் பக்கத்தைப் பிசிறில்லாமல் கிழித்து என்னிடம் நீட்டினாள். நான் மறுத்திருக்க வேண்டும். என் கை அதை வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே தொட்டும் பார்த்துக்கொண்டது. அத்தனையும் நான் யோசிப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீ வந்தது, மூன்று பேரும் குடித்தோம். தம்பி பஸ் வரைக்கும் கூட வந்தான்.

வீட்டுக்கு வந்து முதலில் சமாதானத்தைப் போட்டேன். தப்பு என்றது. துண்டைப் போட்டேன், திறந்துகொண்டது. எல்லாம் அப்படியே இருந்தது. அந்த வாரமே பணமாக மாற்றி, கடை அறையை என் பெயருக்குப் பதிவு செய்தேன். மீதி கொஞ்சம் வாலட்டிலேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, இது என் கடை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு அவளுக்குப் போன் செய்தேன்.

"கிடைச்சிட்ச்சி. ரூம் நம்மளுது ஆயிட்ச்சி" என்றேன்.

"சந்தோசங்க. பீஸ் எது?"

"துண்டுதான்."

"ஆங்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போதிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "வேற ஒருத்தர் பாத்துட்டா வார்த்தைய மாத்திடணும்னு சொல்வாங்க. நான் மாத்தப் போறதில்ல. அந்தப் பக்கத்தத் திருப்பிக் கொண்டாந்து தர்றேன், உங்கிட்டயே இருக்கட்டும்." என் வாழ்க்கையில் ஒருவரை நம்புகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழுவாள் என்றுகூட நினைத்தேன்.

"வேணாங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "நீங்க என்னத் திருடின்னு நெனச்சிகினு இருந்தீங்க. நான் உங்க வீட்டுக்குக் காவல் இருந்தேன். அந்த நோட்டு எப்பவோ தீந்துபோச்சு, தூக்கிப் போட முடியல. எங்க போனாலும் பையில வெச்சி எடுத்துகினு போவேன். போன மழைல வீட்டுக்குள்ள தண்ணி பூந்தப்ப மெஷின விட்டுட்டு அதத்தான் மொதல்ல தூக்குனேன். யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. இப்பதாங்க நிம்மதியாத் தூங்கறேன். நீங்க மாத்திடுங்க. எனக்குப் பாதி மனப்பாடமே ஆயிட்ச்சி. மாத்திட்டீங்கன்னு தெரிஞ்சாதான் எனக்கு மறக்கும்."

"நீ வந்துடேன்" என்றேன்.

போனில் தறி மட்டும் கேட்டது. "அளவு குடுக்க ஆளு வந்திருக்காங்க, வெக்கறேங்க" என்றாள்.

மாற்றினேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஜெராக்ஸ் கடை லென்ஸைத் திரைமேல் வைத்துப் புது வார்த்தைகள் இருபத்துநான்கையும் நானே படித்து, ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஒரு பிழை இல்லை. மாத்திட்டேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. ஒரு பிரதியை வேறு இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் வைக்கச் சொல்லி வாலட்டோடு வந்த காகிதத்தில் போட்டிருக்கிறது. நான் ஒன்றை வீட்டில் வைத்தேன், இன்னொன்றைக் கடையில் வைத்தேன். இப்போது இந்த வார்த்தைகள் வேறு ஒரு காதிலும் விழுந்ததில்லை, இவற்றை நினைத்து யாருக்கும் தூக்கம் கெடப் போவதில்லை.